கழுவுநீர் சிவந்த வாரம்

“இந்த டேங்குக்குள்ள என்னாதான் மா நடக்குது?”

பிரணவி வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் முனியாண்டி இப்படிக் கேட்டார். மதிய இடைவேளை நேரம். கொட்டகையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்து, கவிழ்த்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் கூடைகளின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அவர் மறுபடியும் கேட்டார்.

“பாட்டிலைக் கரைக்கறோங்க அங்கிள்” என்றாள் பிரணவி.

“கரைச்சா?”

“பொடியாயிருங்க.”

“பாட்டில கிரஷர்ல போட்டு அரைச்சாலே பொடிதானே. அத நாந்தானே செய்றேன். அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய டேங்கு?”

பிரணவி ரசம்சாத டப்பாவை மூடி வைத்தாள். வேதியியலில் முதுகலை படித்தவள்தான். ஆனால் இந்தக் கேள்வியைத் தமிழில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“நீங்க அரைக்கறது துண்டுங்க. எத்தனை சின்னதா அரைச்சாலும் அது பிளாஸ்டிக்தான். டேங்குல இருந்து வர்றது பிளாஸ்டிக்கே இல்லீங்க. உப்பு மாதிரி வெள்ளைப் பொடி.”

“பிளாஸ்டிக் இல்லன்னா, பிளாஸ்டிக்கு எங்க போச்சி?”

“ஒரு ரயில் நினைச்சுக்கங்க. ரொம்ப நீளம். நூத்துக்கணக்கா பெட்டி. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி. பிளாஸ்டிக்னா அந்த ரயிலுங்க. டேங்குக்குள்ள பெட்டி பெட்டியாக் கழட்டிவிட்டர்றோம். அந்தத் தனிப்பெட்டிதான் பொடி.”

“யாரு கழட்டுறா? சூடா?”

“சூடு மட்டும் பத்தாதுங்க. வினையூக்கின்னு ஒண்ணு இருக்குது, கேட்டலிஸ்ட். நூறு கிலோ பிளாஸ்டிக்குக் கொஞ்சூண்டு போட்டாப் போதும். அதுதான் கழட்டிவிடற ஆளுங்க.”

முனியாண்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “கழட்டுற ஆளு அந்தப் பெட்டியோடயே போயிருவானா, இல்ல ஸ்டேஷன்லயே நிப்பானா?” என்றார்.

பிரணவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வினையூக்கி வினையை நடத்திவைக்குமே தவிர, தான் தீர்ந்துபோகாது என்பதைப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு வகுப்பு முழுக்கப் படம் போட்டு நடத்தியிருந்தார்கள்.

“ஸ்டேஷன்லயே நிப்பாருங்க. அடுத்த ரயிலுக்கும் அவரேதான்.”

“நம்ம ஆளுதான் லா” என்று சிரித்தார். “சரி, கழட்டுன பெட்டிய என்னா பண்ணுவாங்க?”

“வேற ஃபேக்டரிக்குப் போயி மறுபடியும் மாட்டுவாங்க. புது பாட்டில் ஆயிரும்.”

“கழட்டி மாட்டுன ரயிலு, அதே பழைய ரயிலா? வேற ரயிலா?”

பிரணவி யோசித்தாள். எப்படிப் பார்த்தாலும் இரண்டும் சரியாகத்தான் பட்டது. “தெரியலீங்க” என்றாள் கடைசியில்.

“படிச்ச புள்ள சொல்ற பதிலா மா இது?” என்று எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் விஷயத்தில் அவளைக் குழப்பிய பலவற்றில் அந்தக் கேள்விதான் முதலாவது, அவ்வளவுதான்.

முனியாண்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவில் தைப்பிங் ஊரில் ரப்பர் கையுறை செய்யும் ஆலையில் பத்தொன்பது வருடம் இயந்திரம் ஓட்டியவர். மனைவி கல்யாணி தாதி, அதாவது நர்ஸ். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முதியோர் இல்லமொன்றில் கல்யாணிக்கு வேலை கிடைத்ததால், பதினோரு வருடம் முன்பு மகள் ஷாமினியோடு மூவருமாக வந்து பாபடோயிட்டோய் பகுதியில் குடியேறினார்கள். வந்த புதிதில் முனியாண்டி விமான நிலையத்தில் தள்ளுவண்டி சேர்த்தார். அப்புறம் ரொட்டித் தொழிற்சாலை. அப்புறம் ஊர்க்குப்பையைத் தரம்பிரிக்கும் இடத்தில் ஆறு வருடம், ஓடுகிற பட்டைக்கு முன்னால் நின்று கைக்கெட்டியதை எடுத்துப் போடும் வேலை. அங்கேதான் பிளாஸ்டிக்கைக் காதால் பார்க்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அது வாய்ஜாலமில்லை. பாட்டிலைக் காதருகே வைத்து நசுக்குவார். தண்ணீர் பாட்டில் சடசடவென்று சத்தம் போடும். பார்க்க அதைப்போலவே இருக்கும், பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில் மந்தமாக முனகும், மடித்த இடத்தில் வெளுத்துப்போகும். அதற்கு அவர் வைத்த பெயர் கள்ளன்.

“பாரு மா, கள்ளன் எப்பிடி நல்லவனாட்டம் வந்து நிக்கிறான்” என்று தூக்கி எறிவார்.

இந்தக் கொட்டகையில் கள்ளன் ஒருவன் உள்ளே போனால் போதும். நூறு கிலோவும் கெட்டு, வினையூக்கியும் செத்துவிடும். ஒரு சிறு நிறுவனம் இந்த முறை ஆகுமா ஆகாதா என்று பார்ப்பதற்காகப் போட்ட சோதனை ஆலை அது. மொத்தம் ஏழு பேர். கட்டுக்கட்டாக வரும் பாட்டில்களையும் பழத்தட்டுகளையும் முனியாண்டி பிரித்துக் கிரஷரில் அரைப்பார். அரைத்த துண்டுகளைக் காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் கழுவுவார்கள். கழுவிக் காயவைத்த துண்டுகள், முனியாண்டி டேங்கு என்று சொல்லும் எஃகுக் கலத்துக்குள் போகும். கிளைக்கால் என்ற திரவமும் வினையூக்கியும் சேர்த்து நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைத்தால் வெள்ளைப் பொடி அடியில் படியும். அதை அளந்து, சோதித்து, எழுதி வைப்பது பிரணவியின் வேலை.

அவள் ஈரோட்டுப் பெண். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, மேலே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தவள். ஏவன்டேலில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அதையும் சேர்த்து முனியாண்டி பேசிவிடுவார். சாயங்காலம் அவளைத் தன் காரில் பாபடோயிட்டோய் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவதும் அவரே. ரயில்பெட்டிக் கதையை வீட்டில் ஷாமினியிடம் சொல்லிப் பார்த்தாராம்.

“என்ன சொன்னா?” என்று பிரணவி கேட்டாள்.

“அரை மணி நேரம் சொன்னேன். ‘சோ, ரீசைக்கிளிங் தானே டாடி’னு சொல்லிட்டு போன எடுத்துக்கிட்டா. முடிஞ்சிச்சி.”

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. பாட்டில் செய்யும் நிறுவனமொன்றுக்கு முதல் மாதிரி அனுப்ப வேண்டிய வாரம். அன்று காலை பிரணவி உள்ளே வந்தபோது முனியாண்டி அவள் மேசையில் ஒரு சிறு டப்பாவை வைத்தார். கொண்டைக்கடலைச் சுண்டல்.

“இன்னிக்கி ஆயுத பூஜை மா. சாப்புடு.”

“நீங்களே பண்ணீங்களா?”

“கல்யாணி நைட் ஷிப்டு. யாரு பண்ணுவா பின்ன?”

அவருடைய விரல் நகங்கள் மஞ்சளாக இருந்ததை அவள் பார்த்தாள். சுண்டல் தாளித்த கை என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குக் கழுவு தொட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்த ஊழியர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். தண்ணீர் சிவப்பாக இருந்தது. லேசான சிவப்பு இல்லை, நன்றாகக் கரைத்துவைத்த சிவப்பு. வழக்கமாக அது பால் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும்.

துரு என்றுதான் முதலில் நினைத்தாள். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். இரும்பே இல்லை. சிவப்பு மூடிகள் ஏதாவது அரைபட்டிருக்குமா? மூடிச் சாயம் காஸ்டிக்கில் இறங்காது. ஒரு குடுவையில் அந்தத் தண்ணீரை எடுத்து, உலோகங்களைச் சோதிப்பதற்காக அமிலம் சேர்த்தாள். சிவப்பு மறைந்து பளிச்சென்ற மஞ்சள் வந்தது. தப்பான குடுவையை எடுத்துவிட்டோமோ என்று முகர்ந்துகூடப் பார்த்தாள். மறுபடி காஸ்டிக் விட்டாள். சிவப்பு. அமிலம். மஞ்சள். மேசையில் ஆறு குடுவைகள் ஆனபிறகும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பைப் பாட்டிலுக்குள் இப்படி நிறம் மாறுகிற பொருள் எங்கிருந்து வரும்?

வியாழக்கிழமை கலத்திலிருந்து எடுத்த பொடி வெளிர்மஞ்சளாக இருந்தது. வெள்ளையைத் தவிர எதையும் அந்த நிறுவனம் வாங்காது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் ஹெலன் பிரணவியைத் தன் அறைக்கு அழைத்தார். கோபப்படுகிற ஆளில்லை, அதனாலேயே அவர் சொல்வதெல்லாம் முடிவானதாகக் கேட்கும். செவ்வாய்க்கிழமைக்குள் காரணத்தை எழுதிக் கொடு என்றார். வினையூக்கியில் கோளாறு இருக்கிறதா? இல்லை என்றாள் பிரணவி. அதை இரண்டு முறை சோதித்திருந்தாள். அப்படியானால் வரும் சரக்கில்தான் ஏதோ இருக்கிறது, கையால் பிரிப்பதை நம்பியிருக்க முடியாது, ஏற்கெனவே இயந்திரத்தில் பிரித்த சரக்கை அடுத்த மாதத்திலிருந்து வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஹெலன். பிரிப்பதற்கென்று இங்கே ஆள் தேவைப்படாது. உன் அறிக்கை வரட்டும், முடிவெடுக்கலாம்.

ஆக, முனியாண்டியின் வேலை அவள் எழுதப்போகும் ஒரு வரியில் நின்றது. 

ஏழு பேர் வேலை செய்கிற இடத்தில் எதுவும் மறைவாக இருப்பதில்லை. மதியத்துக்குள் முனியாண்டிக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு கட்டுகளையும் அவிழ்த்துக் கொட்டி, ஏற்கெனவே பிரித்த பாட்டில்களை ஒவ்வொன்றாக மறுபடி காதருகே வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பிரணவி கூடவே நின்றாள்.

“கெடச்சுதுங்களா?”

“ஒண்ணுமில்ல மா. எல்லாம் சுத்தம்.” கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கி எப்பிடி விட்டேன்? கண்ணு போச்சின்னு நெனைக்கிறேன்.”

“காதுலதானே பாப்பீங்க?”

“அப்ப காதும் போச்சி” என்றார். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பிரணவி துணி துவைத்தாள். வெள்ளைத் துப்பட்டாவில் சாம்பார் சிந்தியிருந்தது. வாஷிங் மெஷினில் போடுமுன் கறையில் சோப்பைத் தேய்த்தாள். மஞ்சள் கறை சிவந்தது. எந்தத் தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். அவளும் நூறுமுறை பார்த்ததுதான். தண்ணீர் விட்டு அலசினாள், சிவப்பு குறைந்தது. மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. குழாயை மூடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏழாம் வகுப்பில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்து, சோப்புத் தண்ணீர் சொட்டுவிட்டுச் சிவக்க வைத்திருக்கிறாள். அறிவியல் நோட்டில் ஒட்டியும் வைத்திருந்தாள். அது தமிழில் படித்தது. மூன்று நாளாக அவள் ஆங்கிலத்தில் படித்ததற்குள் மட்டும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த நொடியே சுண்டல் டப்பாவும் மஞ்சள் நகங்களும் நினைவுக்கு வந்தன. ஆனால் அதனால் தெளிவு வரவில்லை. சுண்டல் தாளித்த கையிலிருந்து தொட்டி முழுக்கச் சிவக்கிற அளவு மஞ்சள் எப்படி வரும்? அவரேதான் போட்டார் என்றால் எங்கே, எதற்காகப் போட்டார்? போட்டவர் ஏன் தன் கண் போய்விட்டதென்று சொல்கிறார்?

திங்கட்கிழமை அவள் முதலில் எடுத்துப் பார்த்தது பூட்டுப் பதிவேட்டை. கிரஷருக்குள் யார் கைவைப்பதானாலும் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, அந்த நோட்டில் எழுத வேண்டும். கை போய்விடும் என்பதால் அந்த விதியில் மட்டும் ஹெலன் யாரையும் விட்டுவைக்க மாட்டார். புதன்கிழமைக்கு நேரே, உருண்டை உருண்டையான எழுத்தில், காலை ஆறு பத்து முதல் ஆறு முப்பதுவரை, கிளீனிங், முனியாண்டி என்று இருந்தது. கிரஷரைச் சுத்தம் செய்வது வெள்ளிக்கிழமைதான்.

மதியம் அவர் கூடையில் வந்து உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கண்ணாடிக் கடைச் சீட்டு.

“சனிக்கெழம போயி செக் பண்ணிட்டேன். கண்ணு நல்லாதான் இருக்காம். கிட்டப் பாக்க மட்டும் கொஞ்சம் பவர் வேணுமாம். அதனால மிஸ் ஆயிருக்குமா மா?”

“அங்கிள், புதன்கிழமை காலைல கிரஷரைச் சுத்தம் பண்ணீங்களா?”

“ஆமா.”

“எதுலங்க?”

அவர் சுற்றிலும் பார்த்தார். “யாருகிட்டயும் சொல்லாதே. பூஜ போட்டேன். தைப்பிங்ல வருசா வருசம் போடுவோம். அன்னிக்கி மெஷினுக்கு லீவு. கழுவி, மஞ்ச பூசி, பொட்டு வெச்சி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுவோம். பத்தொம்பது வருசம், ஒருத்தன் வெரலும் போனதில்ல. இங்க யாருகிட்ட லீவு கேக்குறது? சூடம் ஏத்துனா மேல இருக்குற அலாரம் கத்தும். அதான் மஞ்ச மட்டும்.”

“எங்க பூசுனீங்க?”

“உள்ளதான், பிளேடுல. வெளிய பூசுனா பெயிண்டுல கறை, ஆடிட்டுக்கு வர்றவன் கேப்பான். உள்ள யாரு பாக்கப் போறா? வேல செய்யுறதும் அந்த பிளேடுதானே.”

“எவ்ளோ மஞ்சள்ங்க?”

“ஒரு பாக்கெட்டு. நூறு கிராம்.”

“நூறு கிராமா!”

“பெரிய மெஷின் மா” என்றார், அதுதான் நியாயம் என்பதுபோல.

பிரணவி உள்ளே போய்க் குடுவையில் கொஞ்சம் காஸ்டிக் கரைசலும், வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த மஞ்சள்தூளும் எடுத்து வந்தாள். அவர் கண்முன்னால் ஒரு சிட்டிகை போட்டாள். கொட்டகை வாசலின் வெளிச்சத்தில் தண்ணீர் சுழன்று சிவந்தது.

முனியாண்டி குனிந்து பார்த்தார். “ஆலாத்தி தண்ணி” என்றார். “மஞ்ச, சுண்ணாம்பு.”

அவர் பயந்துபோவார், அழுதாலும் அழுவார், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். என்ன ஆறுதல் சொல்வதென்று ரயிலில் வரும்போதே யோசித்தும் வைத்திருந்தாள்.

“அப்ப நான் பிரிச்சதுல தப்பில்ல?” என்றார் அவர்.

“இல்லீங்க.”

“ஒரு கள்ளனும் போகல?”

“போகலீங்க. போயிருந்தா வினையூக்கி செத்திருக்கும். அது நல்லாத்தான் இருக்குது.”

முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கண்ணாடிக் கடைச் சீட்டை எடுத்து நாலாக மடித்து உள்ளே வைத்தார். “நான் மூணு ராத்திரியா தூங்கல மா. நீ மஞ்ச ஊர்க்காரி. ஒனக்கே மூணு நாளு ஆயிருக்கு கண்டுபுடிக்க. சுத்தமா வேஸ்ட்டு.”

“அங்கிள், இதை எழுதினா உங்களைப் போகச் சொன்னாலும் சொல்லிருவாங்க. யாரையும் கேக்காம மெஷினுக்குள்ள ஒரு பொருளைப் பூசியிருக்கீங்க. மாதிரி வேற கெட்டுப்போச்சு.”

“எழுதலன்னா?”

“காரணம் தெரியலன்னு எழுதணும். அப்போ பிரிச்சதுலதான் தப்புன்னு எடுத்துக்குவாங்க.”

“அப்பயும் போகத்தான் சொல்லுவாங்க.”

“ஆமாங்க.”

“பெறகு என்னா யோசன? எழுது லா. மஞ்ச பூசுனான்னு அனுப்பட்டும். பிரிக்கத் தெரியாதவன்னு அனுப்பக்கூடாது.” எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “ஆனா ஒண்ணு மா. நல்லதுக்குன்னு பூசுனது எப்பிடிக் கெடுத்துச்சி? அதான் எனக்குப் புரியல.”

பிரணவிக்கு அதன் வேதியியல் தெரியும். அவர் கேட்டது அதுவல்ல என்பதும் தெரியும். “எனக்கும் புரியலீங்க” என்றாள்.

அறிக்கையை அன்று பிற்பகலே எழுதினாள். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். மூன்று முறை எழுதி, மூன்று முறை அழித்தாள். அவரைக் காப்பாற்றுவதற்கு எந்த வரி முன்னால் வரவேண்டும், எது பின்னால் போகவேண்டும் என்று தெரியவில்லை. பூஜை என்பதை எப்படிச் சொன்னாலும், ஆங்கிலத்தில் அது ஏதோ ஒளித்துச் செய்த காரியம்போல் நின்றது. ஒளித்துத்தான் செய்திருந்தார் என்பதும் உண்மை. கடைசியில் நடந்தது நடந்த வரிசையிலேயே எழுதினாள்.

சாயங்காலம் பாபடோயிட்டோய் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில், அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, “அனுப்புறதுக்கு முந்தி எனக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டு” என்றார். அவளுக்கான ரயில் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அவள் இறங்கவில்லை.

போனைப் பார்த்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். “புதன்கிழமை அரைத்த தொகுதியில் மஞ்சள்தூள் கலப்படம் ஆகியிருந்தது” என்றதும் கை காட்டி நிறுத்தினார்.

“கலப்படம்னா பால்ல தண்ணி ஊத்துறதுல்ல? நான் அப்பிடியா செஞ்சேன்?”

“இல்லீங்க. கலந்திருந்ததுன்னு வெச்சுக்கலாம்.”

“அத வெச்சிக்க.”

மேலே படித்தாள். பிரித்த சரக்கில் தவறு ஏதுமில்லை. மீதியிருந்த இரண்டு கட்டுகளையும் மறுபடி பிரித்துப் பார்த்ததில் ஒரு வேற்றுப் பாட்டில்கூட இல்லை. வினையூக்கி நன்றாக இருக்கிறது. கிரஷரைத் திறக்குமுன் மின்சாரம் அணைக்கப்பட்டது, பூட்டுப் போடப்பட்டது, பதிவேட்டில் நேரம் எழுதப்பட்டது. தொட்டியைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினால் பொடி வெள்ளையாக வரும். அந்த இடத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

“வரும்னு நிச்சயமா சொல்லலாமா மா?”

“சொல்லலாங்க” என்றாள். தன் குரல் அவளுக்கே நிச்சயமாகக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹெலன் அறிக்கையை இரண்டு முறை படித்தார். மஞ்சளா என்று கேட்டார். சமையல் மஞ்சளா என்று மறுபடி கேட்டார். பிரணவி குடுவையில் செய்து காட்டினாள். எதற்காகப் பூசினார் என்றார். வருடத்தில் ஒருநாள் கருவிகளுக்கு மரியாதை செய்வோம் என்றாள் அவள். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், வேறு எதையோ சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஹெலன் பூட்டுப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். ஆறு பத்து, ஆறு முப்பது என்ற நேரங்களை விரல்வைத்துப் படித்தார்.

இரண்டாம் முறை ஓட்டியபோது கழுவுநீர் சாம்பல் நிறமாக இருந்தது. பொடி வெள்ளையாக வந்தது. மாதிரி ஒரு வாரம் தாமதமாகப் போனது. முனியாண்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். வெளிச்சரக்கு வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திவைத்தார்கள். சோதனைக் காலம் ஜூனில் முடியும்வரை அவரே பிரிப்பார். ஜூனுக்குப் பிறகு ஆலையே இருக்குமா, இருந்தால் அதில் ஆள் பிரிப்பார்களா என்று ஹெலனுக்கே தெரியாது. அவரைக் காப்பாற்றியது அறிக்கையா, அந்தப் பூட்டா, வெள்ளையாக வந்த பொடியா என்று பிரணவிக்கும் தெரியாது. எச்சரிக்கைக் கடிதத்தை முனியாண்டி அவளிடம் பெருமையோடு காட்டினார். அதில் பிரிப்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லையாம்.

அவள் இப்போது அடிக்கடி நினைத்துப் பார்ப்பது, இதெல்லாம் முடிவாவதற்கு முந்திய அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலத்தைத்தான். என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாத நேரம். காரில் அறிக்கையைப் படித்து முடித்துப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அடுத்த ரயிலின் விளக்கு வளைவில் தெரிந்தது. ஒரு காலைத் தரையில் வைத்தவளை, “மா, ஒரு நிமிசம்” என்று நிறுத்தினார். வேலையைப் பற்றித்தான் கேட்பார் என்று அவள் திரும்பினாள்.

“அடுத்த வருசம் பூஜைக்கி, மஞ்ச எங்க வெச்சா தண்ணிக்குள்ள போவாதுன்னு, கிரஷர்ல நீயே ஒரு எடம் பாத்துச் சொல்லு மா.”